கீழாநெல்லியும் ஒரு மாத்திரையும்

காமாலை என்றால் எங்கள் திருப்பூரில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான என் சித்தப்பாவும் அதை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார். கண்ணின் மஞ்சள் மறைந்தது. இரத்தத்திலிருந்த ஹெபடைடிஸ் 'பி' வைரஸ் மறையவில்லை. பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, கல்லீரலில் புற்றுக்கட்டியை உண்டாக்கிவிட்டது.

கீழாநெல்லியை நான் ஏளனம் செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், இவ்வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து அதை ஆராய்ந்தனர். 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. முப்பது நாள் மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமற்போனது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. எவ்வளவு நம்பிக்கை! ஆயினும் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை.

இன்று கைகொடுப்பவை என்டகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகள். வைரஸ் தன்னைப் படியெடுக்கும் நொதியை இவை தடுக்கின்றன. ஆனால் கல்லீரல் செல்லின் உட்கருவில் பதுங்கிய மூலப்படி அழிவதில்லை. மிஷின் நின்றாலும் பேட்டர்ன் அட்டை பீரோவில் இருக்கிறதல்லவா, அதுபோல.

கட்டியை அறுத்தெடுத்த பின், "இனி மாத்திரை எதுக்கு?" என்றார் சித்தப்பா. மாத்திரை புற்றைக் கரைக்காது, உண்மைதான். மீண்டும் முளைக்கும் வாய்ப்பைக் குறைக்கும்; மீதிக் கல்லீரலைக் காக்கும். தானாக நிறுத்தினால் வைரஸ் பெருகி, கல்லீரலே செயலிழக்கக்கூடும். ஷிப்மென்ட் அவசரத்தில் அவர் மூன்று மாதம் விட்டுவிட்டார். மறுபடி கண் மஞ்சள், மறுபடி ஆஸ்பத்திரி. வீட்டில் அனைவரும் இரத்தம் சோதித்து, தடுப்பூசி போட்டுக்கொண்டது அப்போதுதான்.

இப்போது சித்தி, அவர் மாத்திரையை விழுங்கியதைப் பார்த்த பிறகே டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கிறார்.