விண்டோஸ் 11 ஏற மறுக்கிறதா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பண்ணைக் கணக்கு வைத்துள்ள கணிப்பொறியில் விண்டோஸ் 11 ஏற மறுத்தால், உடனே புதுப்பொறி வாங்க வேண்டாம். அதற்குத் தேவையான 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்பு வசதி, மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாத சத்தைப் போல, பல பொறிகளில் இருந்தும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். முதலில் கணக்குகளைப் பென் டிரைவில் நகலெடுங்கள். பிறகு பொறி தொடங்கும்போது பயாஸ் பகுதிக்குள் சென்று, இன்டெல் பொறியானால் 'பி.டி.டி.', ஏ.எம்.டி. பொறியானால் 'எஃப்.டி.பி.எம்.' என்பதை இயக்குங்கள்.

செயலியே பழையதானால் (இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவை) இதனால் பயனில்லை. குறுக்குவழியில் ஏற்றித் தருவோருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருமென்ற உறுதி அதில் இல்லை. அப்பொறிக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸே ஏற்றது.