தனி வானமும் பொது வானமும்

வீட்டு மேசையிலே கணினியை வைத்துக்கொண்டு ஆகாய விமானம் செலுத்திப் பழகுவோர் இன்று உலகெங்கும் உளர். 2001ஆம் ஆண்டிலே தோன்றிய வற்சிம் என்னும் இணைய அமைப்பில், விமானிகளாக ஒரு சாராரும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக மற்றொரு சாராரும் சேர்ந்து, மெய்யான பறப்பு முறைகளைப் பின்பற்றி வருகின்றனர். ஊதியம் பெறுவார் எவருமிலர். இங்கே ஒரு கேள்வி எழுகின்றது: விமானி தன் கணினியிலே தான் விரும்பிய வானிலையை அமைத்துக்கொள்ளலாமா?

தனியே பறப்பவர் எப்புயலையும் வரவழைக்கலாம். பலர் கூடிய வானிலே நிலைமை வேறு. கட்டுப்பாட்டாளர், மெற்றார் எனப்படும் உண்மையான விமான நிலைய வானிலை அறிக்கையைக் கொண்டே ஓடுபாதையைத் தெரிவு செய்கின்றார். இலண்டன் ஹீத்ரோவில் 20 நொற் வேகத்தில் மேல்காற்று வீசுகின்றதெனக் கொள்வோம். விமானங்கள் காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி இறங்கும். காற்றில் 140 நொற் வேகமுள்ள விமானம் நிலத்தின்மேல் 120 நொற்றில் நகரும். பின்னால் வருபவர் தம் கணினியிலே அதே வேகத்தில் கீழ்காற்றை அமைத்திருப்பின், அவர் 160 நொற்றில் விரைவார். ஆறே நிமிடத்தில் முன்னவரை 4 கடல்மைல் நெருங்கிவிடுவார். கட்டுப்பாட்டாளர் விட்டுவைத்த இடைவெளியே அவ்வளவுதான்!

காற்றைவிடச் சூழ்ச்சியானது அமுக்கம். பள்ளிக்கூடத்துப் பாரமானியை ஆவலோடு நோக்கிய மாணவரை நான் கண்டதில்லை. எனினும் விமானத்தின் உயரமானியும் ஒருவகைப் பாரமானியே. தரைக்கு அண்மையில் ஒரு ஹெக்டோபஸ்கால் வேறுபாடு ஏறக்குறைய 27 அடி உயரத்துக்குச் சமம். அறிக்கையின்படி அமுக்கம் 993. விமானியின் சொந்த வானிலும் அதுவே இருந்தால் தொல்லையில்லை. அவரோ 1013 அமுக்கமுள்ள தெளிந்த வானத்தை அமைத்திருக்கின்றார். கட்டுப்பாட்டாளர் சொன்னபடி உயரமானியை 993க்குத் திருப்பி, 4,000 அடிக்கு இறங்குகின்றார். முள் 4,000 என்றே காட்டும். விமானம் நிற்பதோ 4,540 அடியில். மேலே 5,000 அடியில் முறைப்படி செல்லும் மற்றொருவருக்கும் இவருக்கும் இடையே இருக்கவேண்டிய 1,000 அடி, பாதிக்கும் குறைந்துவிட்டது. இருவரும் கட்டளை வழுவாதவர்களே.

ஆயினும் தாழ்முகிலிலும் மூடுபனியிலும் பழக விரும்பும் விமானியின் ஆசை நியாயமானதே. நல்ல வானிலையில் மட்டும் இறங்கிப் பழகியவர் என்ன கற்றார்? அத்தகையோர் காற்றையும் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் அறிக்கையில் உள்ளவாறே விட்டு, முகிலையும் பார்வைத் தூரத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அவற்றால் அடுத்தவரின் விமானம் ஓர் அடியேனும் விலகாது. கட்டுப்பாட்டாளர், "ஓடுபாதை தெரிகின்றதா?" என வினவும்போது, "தெரியவில்லை, கருவி வழியே இறங்க அனுமதி வேண்டும்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாற் போதும், அவர் அதற்கேற்ற திசையைத் தருவார்.