மணலில் ஒரு வெள்ளாமை!

கொங்கு நாட்டில் கடல் இல்லை. ஆனாலும் கோவையில் உட்கார்ந்தபடியே கடற்கரையில் வெள்ளாமை செய்யலாம். கம்ப்யூட்டர் போதும், கைபேசியும் போதும்!

அந்த விளையாட்டின் பெயர் "ஸ்டார்டியூ வேலி." எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து அதை உருவாக்கினார். படம், கதை, இசை எல்லாம் அவரே! 2016-இல் அது வெளிவந்தது.

கதை இதுதான். நகரத்து வேலையில் அலுத்துப் போனவருக்குத் தாத்தாவின் பண்ணை கிடைக்கிறது. அவர் நிலத்தைத் திருத்திப் பயிர் செய்ய வேண்டும். 28 நாள் ஒரு பருவம்; 4 பருவம் ஒரு வருடம்.

எந்த நிலம் வேண்டும்?

ஆட்டம் தொடங்கும்போதே நிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2020 டிசம்பரில் கடற்கரைப் பண்ணையும் சேர்ந்தது. இடம் தாராளம். மீன் பிடிக்கலாம். சில நாட்களில் பொருள் நிறைந்த பெட்டிகள் கரை ஒதுங்கும்.

ஆனால், மணலில் தெளிப்புக் கருவி வேலை செய்யாது! ஒரு சிறு துண்டு நிலத்தில் மட்டும் செய்யும். மற்ற இடங்களில் மழை பெய்யாத நாளெல்லாம் பூவாளிதான். செடிக்குச் செடி ஊற்ற வேண்டும். ஊற்ற ஊற்ற உடம்பில் தெம்பு குறையும்.

கவலை இறைத்த நாடு

இந்தக் கஷ்டம் கொங்கு விவசாயிக்குப் புதிதல்ல. மாடு பூட்டிக் கவலை இறைத்த நாடு இது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் மின்சார மோட்டார் செய்தார்கள். பிறகு கோவை பம்புசெட்டுக்குப் பெயர் பெற்ற ஊராயிற்று. கிணற்று மேட்டில் மாட்டின் வேலையை மோட்டார் ஏற்றது.

மோட்டார் இருந்தும் கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால்? காங்கயம், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் அதற்கும் வழி கண்டார்கள். வறண்ட நிலத்தைக் கொறங்காடு ஆக்கினார்கள். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கு வெள்வேல மரம். காங்கயம் மாடுகள் அங்கே மேய்ந்து வளர்ந்தன.

கடற்கரைப் பண்ணையிலும் இதே யோசனை பலிக்கும். ஊற்ற முடிந்த அளவுக்கு மட்டும் பயிர் வைக்கலாம். மீதி இடத்தில் கோழியும் மாடும் வளர்க்கலாம். கடலில் மீன் இருக்கிறது.

நிலம் முழுவதும் விதைத்துவிட்டால், பொழுது முழுவதும் பூவாளியோடு போய்விடும். பிள்ளைகள் இதை விளையாடும்போது, வீட்டில் கவலை இறைத்த தாத்தா இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். எத்தனை செடி வைப்பது என்று அவர் சொல்லிவிடுவார்!