பன்றிதான் இங்கே பெரிய விலங்கு

அந்தமான் காட்டுக்குள் நடந்து போனால் எதிரே வரக்கூடிய மிகப் பெரிய பூர்வீகப் பாலூட்டி எது? காட்டுப்பன்றி. அதுவும் நம்மூர்க் காட்டுப்பன்றியைவிடக் குள்ளம். புலி, சிறுத்தை, கரடி, குரங்கு எதுவும் இந்தக் காட்டுக்குத் தானாக வந்து சேரவில்லை.  

காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் தெற்கே நீண்டு கடலில் மூழ்கிப் போக, வெளியே தெரியும் அதன் முகடுகள்தான் அந்தமான் தீவுகள். பனியுகத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியபோது தீவுகள் தமக்குள் ஒட்டிக்கொண்டன. பெருநிலத்துக்கு நடந்து போகும் வழி மட்டும் கிடைக்கவில்லை என்பதே பலரின் கருத்து. ஆகவே பறந்து வந்தவையும் மிதந்து வந்தவையும்தான் குடியேறின. வௌவால்கள், மூஞ்சூறுகள், எலிகள், ஒரு மரநாய் என்று பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. அந்தப் பன்றிகூட ஆதிமனிதரோடு படகேறி வந்ததாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் சஃபாரி என்றால் என்ன பொருள்? போர்ட் பிளேரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாத்தம் ஜெட்டியிலிருந்து படகேறினால், சில நிமிடங்களில் எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட். அங்கிருந்து ஏறும் சாலை மவுண்ட் ஹேரியட் தேசியப் பூங்காவுக்குப் போகிறது. தொலைக்காட்சியில் ஆப்பிரிக்காவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்தக் காட்டில் ஏமாந்துபோவது இயல்புதான்.

தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்களில், திறந்த ஜீப்பின் முகப்பில் தனி இருக்கை போட்டுத் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் ஓட்டுகிற வழிகாட்டி மற்ற வண்டிகளோடு வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே வருவார். சிங்கம் எந்தப் புதரடியில் படுத்திருக்கிறது என்பது எல்லா ஜீப்புக்கும் சீக்கிரமே தெரிந்துவிடும். அந்த நாட்டில் 1991-இல் வந்த ஒரு சட்டப்படி, போதுமான வேலி போட்டிருப்பதாகச் சான்றிதழ் பெற்ற நிலத்தின் விலங்கு, வேலி தாண்டி ஓடிப்போனாலும் நிலக்காரருக்கே சொந்தம். இந்தியாவில் அதற்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே புள்ளிமானுக்குத் தனியார் யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நாம் இன்று பெருமையோடு சஃபாரி போகும் ரந்தம்போரும் பந்திப்பூரும் ஒரு காலத்தில் மகாராஜாக்களின் வேட்டைக்காடுகள்தாம்.

வேட்டைக்காட்டு ஆசை அந்தமானையும் விட்டுவைக்கவில்லை. துப்பாக்கியோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் சுடுவதற்கு விலங்கு வேண்டியிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெருநிலத்திலிருந்து புள்ளிமான்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். பிடித்துத் தின்ன ஒரு விலங்கும் இல்லாத காடு. மானுக்கோ நன்றாக நீந்தத் தெரியும். தீவிலிருந்து தீவுக்கு நீந்தியே அந்தமானின் பெரும்பகுதியில் அது பரவிவிட்டது. அதைக் கட்டுப்படுத்த 1950-களில் சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டதாகவும் பதிவு இருக்கிறது. சிறுத்தைகள் காணாமல் போயின. மான்கள் இருக்கின்றன.

யானையின் கதையும் இதே மாதிரிதான். வடக்கே இன்டர்வியூ தீவில் மரம் வெட்டிக்கொண்டிருந்த தனியார் நிறுவனம் ஒன்று 1962-இல் தொழிலை மூடிவிட்டுக் கிளம்பியபோது, சுமார் 40 பணி யானைகளை அப்படியே விட்டுச் சென்றது. அவை காட்டு யானைகளாகிவிட்டன.

இவற்றால் காட்டுக்கு என்ன ஆனது என்பதைச் சூழலியலாளர் ரவூஃப் அலி ஆராய்ந்து 2004-இல் எழுதினார். யானை மரத்தின் பட்டையை உரித்துப் பெரிய மரங்களைச் சாகடிக்கிறது. அந்த இடைவெளியில் முளைத்து வரும் கன்றுகளை மான் மேய்ந்துவிடுகிறது. ஒன்று தாத்தாவைக் கொல்ல, மற்றொன்று பேரனைத் தின்கிற கதை. 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியமானது: மான் மேய்ந்து அடிக்காடு வெறிச்சோடிய இடங்களில், தரையிலும் தாழ்ந்த மரங்களிலும் வாழும் பல்லி, ஓணான் வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மான் ஒரு பல்லியையும் தொட்டதில்லை. அவை ஒளியவும் இரை தேடவும் வேண்டிய பச்சையை மட்டும்தான் தின்றது. ஆகவே ராஸ் தீவில் கையிலிருந்து தின்னும் மானோடு எடுத்துக்கொள்ளும் படம் எனக்கு வனவிலங்குப் படமாகத் தெரிவதில்லை.

'சஃபாரி' என்ற சொல்லுக்கு அந்தமானில் இன்னொரு அசிங்கமான வரலாறும் உண்டு. பாம்பூஃப்ளாட்டிலிருந்து விம்பர்லிகஞ்ச், ஃபெரார்கஞ்ச் வழியாகப் போனால் அந்தமான் பெருஞ்சாலையில் சேரலாம். அது ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்கு நடுவே போகிறது. சுற்றுலாப் பயணிகள் அவர்களைப் பார்ப்பதற்கென்றே வண்டி அமர்த்தினார்கள். ஜாரவா பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் காணொளி 2012-இல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் அந்தச் சாலையில் போகத் தடை விதித்தது. மார்ச்சில் தடை தளர்ந்தது. இன்றும் வாகனங்கள் குறித்த நேரத்தில் காவலோடு அணியாகத்தான் போக வேண்டும். படம் எடுப்பதும் வண்டியை நிறுத்துவதும் குற்றம்.

மவுண்ட் ஹேரியட்டுக்கு வருவோம். 1862 முதல் 1864 வரை இங்கிருந்த கைதிக் குடியிருப்பின் கண்காணிப்பாளர் ராபர்ட் டைட்லர். அவர் மனைவி ஹேரியட்டின் பெயரே மலைக்கு வைக்கப்பட்டது. 2021-இல் அரசு இதை மவுண்ட் மணிப்பூர் என்று மாற்றியது. 1891-இல் பிரிட்டிஷாரோடு நடந்த போருக்குப் பிறகு மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கும் மற்றவர்களும் இங்கே சிறைவைக்கப்பட்டதன் நினைவாக. வைஸ்ராய் மேயோ பிரபு 1872 பிப்ரவரி 8 அன்று இந்த உச்சியில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கி, அடிவாரத்து ஹோப் டவுன் ஜெட்டியில் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். வழிகாட்டிகள் ஆர்வத்தோடு சொல்லும் கதை இது. எனக்கு டைட்லரின் இன்னொரு முகம்தான் பிடிக்கும்: அவர் பறவை ஆய்வாளர். பின்னாளில் காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஏ. ஓ. ஹியூமும் 1873-இல் பறவைகளுக்காகவே அந்தமானுக்கு வந்தார். இங்குள்ள ஓர் ஆந்தை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவர்கள் தேடியது உலகில் வேறெங்கும் இல்லாத, அல்லது அக்கம்பக்கத் தீவுகளில் மட்டும் உள்ள பறவைகளை. உடல் முழுக்கக் கறுத்து, தலையில் மட்டும் சிவப்புக் கொண்டை வைத்த அந்தமான் மரங்கொத்தி. நம்மூர்ச் செண்பகத்தின் கறுப்பை எடுத்துவிட்டுப் பழுப்பு பூசினாற்போன்ற அந்தமான் செண்பகம். பாம்புக் கழுகில் இரண்டு வகை: வெளிறிய நிறத்தில் இருப்பது பெரும்பாலும் கரையோர அலையாத்திப் பக்கம், அடர்பழுப்பானது உள்காட்டில். இரண்டையும் ஒரே காலையில் பார்த்து வேறுபாடு சொல்லத் தெரிந்தால் அவர் நல்ல வழிகாட்டி.

எல்லாவற்றையும்விட விசித்திரமான பிராணியைப் பார்க்கப் பூங்காவுக்கே போக வேண்டாம். வீட்டுத் தோட்டத்து வாழையிலும் பாக்கு மரத்திலும் பட்டப்பகலில் திரியும் பச்சைப் பகல்பல்லி அது. அதன் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் மடகாஸ்கரிலும் மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும்தான். இந்தியப் பெருங்கடலின் இந்தக் கோடியில் இது ஒன்றே ஒன்று. ஏதோ ஒரு காலத்தில் மிதக்கும் மரத்தைப் பற்றிக்கொண்டு இதன் மூதாதை கடலைக் கடந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்கப் பக்கத்து உறவினர் வேண்டும் என்பவர்களுக்கு இதோ ஒருவர்.

இந்தக் காட்டில் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். மரங்கொத்தி தட்டும் சத்தம், கரிச்சானின் அதட்டல், தலைக்கு மேலே பழம் உதிரும் ஓசை. வழிகாட்டி நடையை நிறுத்தி விரலை நீட்டும் திசையில் பத்து நிமிடம் நிற்கப் பொறுமை வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. மற்ற மாதங்களில் அட்டை காலைத் தேடி வரும். தீவு கிழக்கே தள்ளியிருப்பதால் இந்திய நேரப்படி வெகு சீக்கிரம் விடிந்துவிடுகிறது. சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருகிறவருக்குப் பெரும்பாலும் மரங்கள்தான் கிடைக்கும்.

வழிகாட்டியை அமர்த்தும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பறவையின் குரலைச் செல்போனில் போட்டு வரவழைக்கும் பழக்கம் அவருக்கு உண்டா? அந்த ஒலியைத் தன் எல்லைக்குள் நுழைந்த எதிரி என்று நம்பி, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு ஆண் பறவை இல்லாத ஆளோடு சண்டைக்கு வருகிறது. அது ஒரு முறை என்றால் பரவாயில்லை. ஒரே சாலையில், சுற்றுலாப் பருவம் முழுக்க, ஒவ்வொரு வண்டியும் அதையே செய்தால் அந்தப் பறவைக்குக் குஞ்சு பொரிக்க நேரம் இருக்காது.