நாலே நிமிஷம் தாங்கினால் போதும்!
27 வருஷ சிகரெட்டுடன் மல்லுக்கட்டும் கோடவுன் தெரு கணக்கர்

சென்னை பாரிமுனை. சாயங்காலம் 5 மணி.

கோடவுன் தெரு அருகே ஒரு டீக்கடை. அதை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. ஜவுளிக்கடை சிப்பந்திகள், பில் போடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வெளியூர் வியாபாரிகள் என்று ஒரே கூட்டம். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் சிகரெட்டு. ஒரு காலத்தில் பெட்டிக்கடை ஓரத்தில் கயிறு தொங்கும். அதன் நுனியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். இப்போது அதே இடத்தில் நூலில் கட்டிய லைட்டர் தொங்குகிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் டீயை வாங்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போகிறார். பூட்டிய கடையின் படியில், பெட்டிக்கடைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். சட்டைப் பையில் இருந்து இரண்டு ஏலக்காயை எடுத்து வாயில் போடுகிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அவருக்கு வயது 46. ஜவுளி மொத்தக் கடை ஒன்றில் கணக்கர். 19 வயதில் பிடித்த சிகரெட்டு. நாளைக்கு 15. மழைக்காலத்தில் 20. “இன்றோடு சரி” என்று மனைவி தலையில் அடித்து சத்தியம் செய்தது பலமுறை. எல்லாம் இரண்டு நாள், மூன்று நாளில் காற்றில் பறந்துவிட்டது.

இந்தத் தடவை விளையாட்டு இல்லை. நெஞ்சில் காசம்.

விவரம் வருமாறு:-

சானடோரியத்தில் ஏறுகிறவர்

அவர் தினமும் ரயில் ஏறுவது தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில். காசநோய்க்காரர்களுக்காக 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. பல வருஷமாக அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று இருமிக்கொண்டிருந்தார். “புகை பிடிக்கிறவனுக்கு இருமல் வராம என்ன வரும்?” என்று அதற்கு ஒரு சமாதானம்.

இருமல் மூன்று வாரம் தாண்டியது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. ஒரு நாள் கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ பட்டது. அதை மடித்துப் பையில் ஒளித்தார். துணி துவைக்கும்போது மனைவி பார்த்துவிட்டார்.

“என்னங்க இது?” என்று ஒரே கேள்வி. மறுநாள் அரசு ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. காசநோய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

டாக்டர் சொன்னது சுருக்கம். மாத்திரை ஆறு மாதம். ஒரு நாள்கூட விடக் கூடாது. மாத்திரை இலவசம். “சிகரெட்டை விடலேன்னா மாத்திரைக்குப் பாதி வேலைதான் நடக்கும். குணமானாலும் திரும்பி வரலாம். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?” என்று கேட்டார்.

இருக்கிறாள். பத்தாவது படிக்கும் ஒரே மகள்.

சிகரெட்டு என்றதும் எல்லோருக்கும் புற்றுநோய்தான் ஞாபகம் வரும். காசநோய் வராது. ஆனால் இதை எடுத்துச் சொன்னதில் இந்த ஊர்க் கணக்குக்கும் பங்கு உண்டு. சென்னை டாக்டர் கஜலட்சுமியும், இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டோவும், மற்றும் சிலரும் சேர்ந்து, சென்னையிலும் விழுப்புரம் பக்கத்து கிராமங்களிலும் இறந்துபோன 43 ஆயிரம் ஆண்களின் வீடு வீடாக விசாரித்தார்கள். புகை பிடித்தவர்கள் காசநோயில் சாவது மற்றவர்களைப் போல் 4 மடங்கு என்று தெரிந்தது. 2003-ல் லண்டன் ‘லான்செட்’ பத்திரிகையில் அந்த முடிவு வெளியாகி, உலகமே திரும்பிப் பார்த்தது. பீடிக்காரர்கள் “நம்மது இலைதானே” என்று நழுவ முடியாது. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். புகை இன்னும் கூடுதலாகத்தான் உள்ளே போகும்.

மூன்றாம் நாள் ரகளை

மாத்திரை ஆரம்பித்த அன்றே சிகரெட்டை நிறுத்தினார். நோய் மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்க இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். முதலாளி லீவு கொடுத்தார்.

முதல் நாள் சமாளித்தார். இரண்டாம் நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள்தான் ரகளை.

காலையில் காபி சூடு இல்லை என்று டம்ளரை வீசினார். மகள் டி.வி. சத்தம் வைத்ததற்குக் கத்தினார். கை துறுதுறு என்றது. வாய் நமநம என்றது. பழைய பேண்டு பைகளை எல்லாம் உதறிப் பார்த்தார். மொட்டை மாடி ஓட்டுச் சந்தில் எப்போதோ செருகி வைத்த துண்டு ஒன்றைத் தேடிப் போனார். மழையில் ஊறிக் கரைந்து கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். “பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு” என்கிறார்.

அது பைத்தியம் இல்லை. நிகோடின் என்கிற ஆசாமியின் வேலை.

ஒரு இழுப்பு இழுத்தால் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர 10, 20 வினாடிதான். ஊசி போட்டால்கூட அவ்வளவு சுருக்காகப் போகாது. போன வேகத்தில் ஒரு சந்தோஷத்தைத் தட்டிவிடும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருந்ததில் பாதி காலி. அடுத்தது வேண்டும் என்று மூளை கையை நீட்டும். 27 வருஷம் கேட்ட போதெல்லாம் கொடுத்துப் பழக்கிவிட்டு, திடீரென்று ஒரு நாள் இல்லை என்றால் அது சும்மா இருக்குமா? எரிச்சல், தூக்கமின்மை, பசி, படபடப்பு, எதிலும் மனசு நிற்காமை எல்லாம் வரிசையாக வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம். அதன் பிறகு மெல்ல இறங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதாவது “மூணு நாள் விட்டுப் பார்த்தேன், முடியலை” என்று சொல்கிறவர்கள், மலை உச்சிவரை ஏறிவிட்டு இறங்கும் நேரத்தில் திரும்பி வந்தவர்கள்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. புகை பிடிக்கிறவர் உடம்பு காபி, டீயில் உள்ள கேஃபீனைச் சீக்கிரம் கரைத்துத் தள்ளிவிடும். சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். அதே நாலு டீ குடித்தால் பழையபடி இரண்டு பங்கு ஏறும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும். பழியோ சிகரெட்டை விட்டதன் மேல் விழும். கணக்கர் வீட்டில் பறந்த டம்ளருக்கு அதிலும் பங்கு இருந்திருக்கலாம். இப்போது அவருக்கு நாளைக்கு இரண்டே டீ.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு”

பதினைந்தாம் நாள் கடைக்குப் போனார். பெட்டிக்கடை அண்ணாச்சி தூரத்தில் பார்த்ததுமே வழக்கமான சிகரெட்டை எடுத்து நீட்டினார். அண்ணாச்சி மேல் தப்பு இல்லை. வருஷக்கணக்காகப் பழகிய கை.

இந்த ஊரில் சிகரெட்டை விடுகிறவனுக்கு எத்தனை கண்ணி! 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை, 200 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. டீக்கடை வாசலில் அபராதம் கட்டிய ஆசாமியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2016-ல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வைத்தார்கள். சில்லறையாக ஒன்று, இரண்டு வாங்குகிறவன் பாக்கெட்டை எங்கே பார்க்கிறான்?

அப்படியும் 40 நாள் தாக்குப்பிடித்தார். நாற்பத்தோராம் நாள் சாவு வீடு. பெரியப்பா மகன் போய்விட்டார். ராத்திரி முழுக்கப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு மைத்துனர் பாக்கெட்டை நீட்டினார். “துக்க வீடு. ஒண்ணே ஒண்ணு அண்ணே.”

அந்த ஒண்ணு விடிவதற்குள் மூன்று ஆனது. ஒரு வாரத்தில் எட்டு. வீட்டுக்குத் தெரியாமல் மாம்பலத்தில் இறங்கி, பிடித்துவிட்டு, அடுத்த ரயிலில் ஏறுவார். ஏலக்காய் மெல்லும் பழக்கம் அப்போது வந்ததுதான். வாசனையை மறைக்க.

பதினோராம் நாள் ராத்திரி மகள் கேட்டாள்: “அப்பா, மாத்திரையை மட்டும் ஏன் டைம் தவறாம போடறீங்க?”

அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இலவச டெலிபோன்

சிகரெட்டுப் பாக்கெட்டிலேயே ஒரு டெலிபோன் நம்பர் அச்சாகி இருக்கும். 1800-11-2356. காசு கிடையாது. 2016-ல் டெல்லியில் மத்திய அரசு ஆரம்பித்த சேவை. பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியிலும் கிளை வந்து, தமிழிலேயே பேசலாம். மகள் அதை எழுதிக் கொடுத்தாள். மறுநாள் மதியம் குடோனில் துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று பேசினார்.

அட்வைஸ் மழை பொழிவார்கள் என்று பயந்தாராம். அப்படி இல்லை. காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்டு, எந்த எந்த நேரத்தில், யாரோடு என்று கேட்டார்கள். எழுந்த அரை மணிக்குள் தேடினால் பிடி பலம் என்று அர்த்தம். இவருக்கு ஐந்தே நிமிஷம்!

கடைசியில் சொன்ன ஒரு விஷயத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். வாய் நமநமப்பு ஒரேயடியாக ஏறிக்கொண்டே போகாது. அலை மாதிரி வரும், போகும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிஷம். சிலருக்குப் பத்து. அதுவரை வேறு எதையாவது செய்தால் போதும். சிகரெட்டுப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அலை போய்விடும்.

கணக்குப் பிள்ளைக்கு இது பிடித்துப் போனது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்தார். ஒவ்வொரு தடவை நமைச்சல் எடுக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். முதல் நாள் 22 தடவை. அதிகபட்சம் ஆறு நிமிஷம். ஒரு வாரத்தில் 13. அப்புறம் 7. நாலு நிமிஷத்தை ஓட்ட அவர் செய்வது: ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, படியேறி மூன்றாம் மாடி குடோனுக்குப் போய் வருவது, வீட்டுக்குப் போன் போடுவது, கிராம்பு, வேர்க்கடலை.

டாக்டரைக் கேட்டு நிகோடின் சூயிங்கமும் வாங்கினார். முதலில் மிட்டாய் மாதிரி கடகடவென்று மென்று எச்சிலை முழுங்கினார். விக்கல், நெஞ்செரிச்சல். “இது ஏமாத்து வேலை” என்று தூக்கிப் போடப் பார்த்தார். மெல்லும் விதமே வேறு. நாலு கடி மெல்லக் கடித்து, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் தணிந்ததும் மறுபடி கடிக்க வேண்டும். ஒரு கம் அரை மணி வரும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, டீ, ஜூஸ் கூடாது. குடித்தால் மருந்து வாயில் சரியாக இறங்காது. நாள் போகப் போக எண்ணிக்கையைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். கம் தவிர மாத்திரைகளும் உண்டு. அவை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சிலர் சிகரெட்டை விட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, கடைவாயில் புகையிலைப் பொட்டலத்தை அடக்கிக்கொள்கிறார்கள். அதிலும் இருப்பது அதே நிகோடின்தான், கூடவே வாய்ப் புற்றுநோய். பேட்டரி சிகரெட்டைக் கேட்கிறவர்களும் உண்டு. அதை 2019-லேயே நாடு முழுக்கத் தடை செய்தாகிவிட்டது.

மனதைரியம் இருந்தால் விட்டுவிடலாம் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். எந்தத் துணையும் இல்லாமல் விட முயல்கிறவர்களில் ஒரு வருஷம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் அது பெருகுகிறது. கணக்கர் வழுக்கியது அதிசயம் இல்லை. மறுபடி எழுந்தது பெரிது.

படியில் உட்கார்ந்தவர்

இரண்டாம் தடவை நிறுத்தி நேற்றோடு 63 நாள். இருமல் குறைந்துவிட்டது. நாலு கிலோ ஏறியிருக்கிறார். பெல்ட்டின் புது ஓட்டைகள் இரண்டும் இப்போது தேவைப்படவில்லை. சிகரெட்டுக் காசை மனைவி தினமும் கேட்டு வாங்கி அரிசி டின்னில் போடுகிறார். எவ்வளவு சேர்ந்தது என்று இவருக்குச் சொல்வதில்லை. மாத்திரை இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி.

இப்போதும் சாயங்காலம் 5 மணிக்கு மட்டும் ஒரு அலை தவறாமல் வருகிறதாம். அதனால்தான் எதிர்ச்சாரிப் படி.

அன்று அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே, பக்கத்துக் கடை பில் போடும் பையன் ஒருவன் டீயோடு வந்து அதே படியில் உட்கார்ந்தான். வயது 25 இருக்கும். காதில் செருகிய சிகரெட்டு. இன்னும் பற்ற வைக்கவில்லை.

“அண்ணே, எத்தனை நிமிஷம்னு சொன்னீங்க?”

“நாலு. ஏலக்காய் வேணுமா?”

பையன் கையை நீட்டினான். சிகரெட்டு காதிலேயே இருந்தது.