பருப்பளவு உள்ள நான்கு சுரப்பிகள்



கழுத்துக் கழலைக்காகத் தைராய்டு முழுவதையும் எடுத்துக்கொண்ட தாயார் ஒருவரை மறுநாள் காலையில் வார்டில் சந்தித்தேன். ஆலங்குளம் பக்கத்தவர், பீடி சுற்றிப் பிழைப்பவர். "ஐயா, விரலெல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்கு. உதடும் மரத்துப்போச்சு" என்றார். ஜெபிக்குமுன் நர்ஸை அழைத்தேன். இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தது. ஊசிமூலம் கால்சியம் ஏற்றினார்கள். மாலைக்குள் விரல்கள் சரியாயின.

இது ஏன் நேருகிறது? தைராய்டின் பின்புறத்தில் பெரும்பாலும் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. பாராதைராய்டு என்பது அவற்றின் பெயர். ஒவ்வொன்றும் மைசூர்ப் பருப்பளவே. இரத்தத்தில் கால்சியத்தைச் சரியான அளவில் காப்பது இவற்றின் வேலை. அவை பழுதுபட்டால் விரல் மரக்கும், கை கோணி இழுக்கும். கடுமையானால் வலிப்பும் வரும்.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849-ல் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்தபோது ரிச்சர்ட் ஓவன் இச்சுரப்பியைக் கண்டார். மனிதரில் இதனை விவரித்து 1880-ல் எழுதியவர் சுவீடன் நாட்டு ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம்.

இதன் நிறம் ஏறக்குறையக் கொழுப்பின் நிறம். ஆகவே கண்டுபிடிப்பதே கடினம். அறுவை மருத்துவர் தைராய்டின் மேலுறையை ஒட்டியே பிரிக்கிறார். இரத்தக் குழாயின் அடித்தண்டைக் கட்டாமல், தைராய்டுக்குள் நுழையும் சிறு கிளைகளை மட்டும் கட்டுகிறார். அப்படியும் இரத்த ஓட்டம் அற்றுப்போன சுரப்பியை எறிந்துவிடுவதில்லை. பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் பதிக்கிறார். தாமிரபரணிப் பாசன வயலில் பிடுங்கி நட்ட நாற்றுப்போல, சில வாரங்களில் அது பிடித்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கும்.

அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் இச்சுரப்பி தானே ஒளிர்வதை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அனிதா மகாதேவன்-ஜான்சன் குழுவினர் கண்டறிந்தார்கள். இந்த முறையில் இயங்கும் இரு கருவிகளுக்கு 2018-ல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. ஆயினும் பழகிய கண்ணுக்கும் பொறுமையான கைக்கும் கருவி ஈடாகாது.

பெரும்பாலோருக்கு இக்குறைவு தற்காலிகமானதே. சிலருக்கோ ஆயுள் முழுவதும் மாத்திரை தேவைப்படும். உங்கள் சபையில் எவரேனும் இந்த அறுவை முடிந்து வீடு திரும்பியிருந்தால், முதல் சில நாட்கள் விசாரியுங்கள். உதடோ விரலோ மரத்தால் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அந்தத் தாயாருக்கு இரண்டு மாதத்தில் மாத்திரை நிறுத்தப்பட்டது. இப்போது மீண்டும் பீடித் தட்டை மடியில் வைத்திருக்கிறார்.

ஊழியத்தில் உங்கள்,
ஆஸ்பத்திரி போதகர்