எண்கோட்டில் எது முன், எது பின்?

வட்டத்தின் பரப்பளவு காணும் மாணவர்கள் பை (π) என்ற எண்ணுக்குப் பதிலாக ஒரு கணக்கில் 22/7 போடுவார்கள், அடுத்த கணக்கில் 3.14 போடுவார்கள். இரண்டும் பை அல்ல. 3.14 அதைவிடச் சற்றுச் சிறியது. 22/7 சற்றுப் பெரியது.

இவற்றை வரிசைப்படுத்துமுன் எண்களின் வகைகளைப் பார்ப்போம். பழைய எண்களுக்குள் விடை கிடைக்காதபோதெல்லாம் இயற்கணிதம் புதிய எண்களைச் சேர்த்துக்கொண்டது. எண்ணுவதற்கு 1, 2, 3 என்ற இயல் எண்கள் போதும். எதனுடன் 5-ஐக் கூட்டினால் 3 வரும் என்று கேட்டால் குறை எண் வேண்டும். அதைக் கடனாகவும் மிகை எண்ணைச் செல்வமாகவும் கொண்டு, பூச்சியத்தையும் சேர்த்து, 628-இல் பிரம்மகுப்தர் விதிகள் வகுத்தார். 3-ஐ 7-ஆல் வகுக்கப் பின்னம் வேண்டும். இப்படி முழுக்களின் விகிதமாக எழுத முடிபவையே விகிதமுறு எண்கள். ஓர் அலகு பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டமான √2 எந்தப் பின்னத்துக்கும் அடங்காது. அது விகிதமுறா எண். பையும் அவ்வகையே என்று 1761-இல் கணித அறிஞர் லாம்பெர்ட் நிறுவினார். இவை அனைத்தும் மெய் எண்கள்.

வகை எதுவானாலும், தசமமாக விரித்தால் ஒப்பிடுவது எளிது. 7-ஆல் வகுக்கும்போது பூச்சியம் தவிர்த்து ஆறு மீதிகளே வரமுடியும். ஆகவே 22/7 என்பது 3.142857142857… என்று திரும்பத் திரும்ப வந்தே தீரும். பையின் இலக்கங்கள் அப்படிச் சுழல்வதில்லை.

பைக்காக அறிஞர்கள் கையாண்ட மதிப்புகளையே வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஆர்க்கிமிடீஸ் காட்டிய மேல் எல்லை 22/7. ஆரியபட்டர் தந்தது 3.1416. பிரம்மகுப்தர் எடுத்துக்கொண்டது √10, அதாவது 3.1622… சீனக் கணித அறிஞர் சூ சோங்சி கண்டது 355/113, அதாவது 3.1415929… பையோ 3.1415926… கடைசி இரண்டும் ஏழாவது தசம இடத்தில்தான் பிரிகின்றன. ஏறுவரிசை இதுதான்:

3.14 < பை < 355/113 < 3.1416 < 22/7 < √10

எல்லாவற்றுக்கும் குறைக் குறி இட்டால் வரிசை தலைகீழாகும். −√10 முதலில் வந்துவிடும்.

−1-இன் வர்க்கமூலத்தை மட்டும் இந்த வரிசையில் எங்கும் செருக முடியாது. அது மிகை என்றால் அதன் வர்க்கமும் மிகையாக வேண்டும். குறை என்றாலும் அப்படியே. ஆனால் வர்க்கம் −1. அதனால் இதையும் மெய் எண்களையும் சேர்த்து அமையும் கலப்பெண்களுக்குக் கோடு போதாமல் தளம் தேவைப்படுகிறது. அங்கே ஆதிப்புள்ளியிலிருந்து உள்ள தூரத்தை ஒப்பிடலாம். ஆனால் கூட்டல், பெருக்கலோடு ஒத்துப்போகும் ஏறுவரிசை கிடையாது.